எவர் உதவியுமின்றி

"உங்களுக்கு முன்னால இன்னும் ரெண்டு சாட்சி இருக்கு பெரியவரே, அப்படி உக்காருங்க" என்று டவாலி கைகாட்டிய பெஞ்சில் தவசிமுத்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் இருக்கும். அதற்குள் மூன்று தடவை எழுந்துவிட்டார். ஒரு தடவை மூத்திரம் பெய்ய, ஒரு தடவை போய் நின்றும் வராமல் திரும்ப, ஒரு தடவை எதற்கு என்று அவருக்கே தெரியாது. பெஞ்சின் ஒரு கால் குட்டை. அசைந்தால் டக் என்று தரையைத் தட்டியது. அசையாமல் இருந்தால் தட்டாது, ஆனால் அசையாமல் இருக்க அவரால் ஆகவில்லை. டக். ஹாரனுக்குக் கரண்டைத் திறந்து மூடுகிற ரிலே விழுகிற சத்தமேதான். உடன்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாற்பத்தாறு வருஷம் ஆட்டோ எலெக்ட்ரீஷியனாக இருந்து லாரிக்கும் பஸ்ஸுக்கும் டைனமோ கட்டியவருக்கு உலகத்தில் பாதிச் சத்தம் ரிலே சத்தம்தான். லிஃப்ட் வந்து நிற்கிறது, டக். உள்ளே எவனோ கட்டை விரலால் பேனாவை அமுக்குகிறான், டக். கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகள் கட்டுக் கட்டாய்க் காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், ஒருத்தரும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்கமாட்டார்கள். யார் எப்போது பார்த்தார்கள்? சென்னையில் இந்தக் கோர்ட்டுக்கு வந்திருப்பதே அவருடைய கேஸுக்காக இல்லை, முதல் எரிச்சல் அதுதான். கேஸ் ஜெபக்குமாரின் கம்பெனிக்கும் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கும். விளையாட்டுக்காரன் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் துள்ளுகிறான் என்று அளக்கிற ஒரு பாய்க்கு ஜெபக்குமார் பேட்டண்ட் வாங்கி வைத்திருக்கிறான். அதே பாயைப் பெங்களூர்க்காரன் செய்து விற்றான். என் உரிமையில் கை வைத்துவிட்டான் என்று இவன் கேஸ் போட, இது உன் கண்டுபிடிப்பே கிடையாது, நீ மனுப் போடுவதற்கு இருபது வருஷம் முன்னாலேயே உடன்குடியில் ஒருத்தர் ஊரறியச் செய்து காட்டியிருக்கிறார், உனக்குப் பேட்டண்ட் கொடுத்ததே செல்லாது என்று அவன் எதிர்க்கேஸ் போட்டிருக்கிறான். அந்த ஒருத்தர்தான் குட்டைக்கால் பெஞ்சில் ஆடிக்கொண்டிருக்கிறார்.

அப்ப அது எனக்கு வந்துருமா தாயி, என்று பெங்களூர்க்காரனின் வக்கீலம்மா பத்மப்ரியாவிடம் முதல் நாளே கேட்டார். சின்னப் பெண், ஆனால் மழுப்பவில்லை. "இல்லைங்க ஐயா. நீங்க எல்லாருக்கும் காட்டிட்டீங்க இல்லையா, அதனால அது யாருக்குமே சொந்தமில்லைன்னு ஆயிடும். யார் வேணும்னாலும் செய்யலாம்." யார் வேணும்னாலும். முப்பத்து மூன்று வருஷம் நெஞ்சுக்குள் புளியங்கொட்டை மாதிரி உருட்டி வைத்திருந்ததை எடுத்துத் தெருவில் போடுவதற்கு ரயில் டிக்கெட் போட்டு வரவழைத்திருக்கிறார்கள். ஆனாலும் வந்தார். தனக்கு இல்லாவிட்டாலும் அவனுக்கும் இல்லை என்று ஆகுமே, அந்த ஒரு ஆசையில் வந்தார். ராஜபுஷ்பம் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தபடியே, "முப்பது வருசமா நீங்க அந்தப் பாயிலேயேதான் படுத்துக் கெடக்கீங்க, போயி ஒருவழியாச் சுருட்டி வச்சிட்டு வாங்க" என்றாள். அவளுக்கு வாய் அதிகம். தயிர்சாதம் இப்போது புளித்திருக்கும். பசிக்கவும் இல்லை. காரணம் அந்த ஒரு வரி. வக்கீலம்மா அவர் சொன்னதையெல்லாம் வாக்குமூலமாக எழுதி வாசித்துக் காட்டியபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஊர், வருஷம், வாலிபால் போட்டி, பாய் எப்படிச் செய்தது, இரண்டாம் நாள் எத்தனை பேர் அதில் துள்ளினார்கள், எல்லாம். அதில் நிறுத்தியிருக்கலாம். "இதை எவர் உதவியுமின்றி நானே கண்டுபிடிச்சேன்னு போடுங்க" என்றார். அது தேவையில்லை ஐயா, ஊர் பார்க்கக் காட்டினீங்க என்கிறதுதான் நமக்கு முக்கியம் என்று அந்தப் பெண் சொல்லத்தான் செய்தது. தேவை என்றார் அவர். எனக்குத் தேவை. அந்தப் பெண் போட்டுவிட்டது. எட்டாவது பத்தியில் அந்த இரண்டு வார்த்தையைச் சேர்த்துக் கையெழுத்து வாங்கியது. அஞ்சாம் கிளாஸோடு நின்ற கை, ஆனாலும் அன்றைக்குக் கையெழுத்து அழகாக விழுந்தது.

எவர் உதவியுமின்றிதானே. யார் உதவினார்கள்? உடைந்த பஸ் சீட்டின் ரெக்ஸினை உரித்தது அவர். பிஸ்கட் டின்னை வெட்டித் தட்டி இரண்டு தகடாக்கி, நடுவில் சைக்கிள் டியூப் நறுக்குகளை வைத்து, மேலே ஆள் நின்றால் தகடுகள் தொடவும் ஆள் கிளம்பினால் விலகவும் பண்ணியது அவர். ஒரு டிஜிட்டல் ஸ்டாப் வாட்சைப் பிரித்து, அதன் பொத்தானுக்குள் ஒயர் பற்றவைத்து, ஹாரன் ரிலேயோடு சேர்த்தது அவர். கால் தரையை விட்டதும் டக், வாட்ச் ஓடும். கால் தரையைத் தொட்டதும் டக், நிற்கும். காற்றில் எவ்வளவு நேரம் நின்றான் என்று வாட்ச் சொல்லும். நேரத்தை உயரமாக்குவது எப்படி என்று அவருக்குச் சொல்லித்தர ஒருத்தரும் இல்லை. அதற்காக ஒரு மாதம் சாயங்காலமெல்லாம் வாலிபால் கிளப் பிள்ளைகளை விரல் நுனியில் சாக்பீஸ் பூசவைத்து, பாயில் நிறுத்தி, நூலகத்துச் சுவரில் துள்ளி அடிக்கச்சொல்லி, நின்றபடி தொட்ட கோட்டுக்கும் துள்ளித் தொட்ட கோட்டுக்கும் இடையே டேப் பிடித்து அளந்து, பக்கத்தில் வாட்ச் காட்டிய நேரத்தையும் நீளநோட்டில் எழுதினார். அரைச் செகண்டுக்குப் பன்னிரண்டு இஞ்ச். பாயிண்ட் ஆறுக்குப் பதினேழரை. பாயிண்ட் ஏழுக்கு இருபத்து நாலுக்குக் கொஞ்சம் குறைவு. சுவர் முழுக்க வெள்ளை விரல். நூலகர் வந்து கத்தினார். அதற்கும் அவர்தான் சுண்ணாம்பு அடித்தார். அந்த வருஷம் தீபாவளி லீவுக்குக் கோயம்புத்தூர் இன்ஜினீயரிங் காலேஜிலிருந்து ஜெபக்குமார் வந்தான், கிளப்பில் நல்ல ஸ்மாஷர், அண்ணாச்சி அண்ணாச்சி என்று கடையிலேயே கிடப்பான். நோட்டை வாங்கிப் பார்த்தவன் ஒரு சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டான். "அண்ணாச்சி, ஃபார்முலாவோட அரை இஞ்ச்கூட வித்தியாசம் இல்ல!" என்றான். பரீட்சையில் அவர் பாஸாகிவிட்ட மாதிரி. அன்றைக்கு அவருக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால்தான் எரிகிறது. எந்த ஃபார்முலாடா சுண்ணாம்பு அடித்தது? நோட்டை வாங்கிக்கொண்டு போனான், காப்பி எடுத்துக்கொண்டு தருகிறேன் என்று. அப்புறம் ஜெர்மனி. அப்புறம் ஒரு கடிதம்கூட இல்லை. போன வருஷம் நாகர்கோவில் பக்கம் ஒரு விளையாட்டு அகாடமியில் ஜெனரேட்டர் பார்க்கப் போன இடத்தில்தான் அவர் அதைக் கண்டது. கறுப்பாய், மெல்லிசாய், சிகரெட் அட்டை கனத்தில் ஒரு பாய். பிள்ளைகள் துள்ள, மொபைலில் நம்பர் விழுந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, கட்டைவிரலால் பாயின் நடுவை அமுக்கிக்கொண்டே போனார். நடுவில் ஒரு பிரிவு. முன்பாதம் படுகிற இடம் ஒரு பாதி, குதிகால் படுகிற இடம் ஒரு பாதி. தகடும் ரிலேயும் யாருக்கும் தோன்றும். இந்தப் பிரிவு தோன்றாது. இந்தப் பிரிவுதான் பேட்டண்டின் உயிர் என்று வக்கீலம்மாவும் சொன்னது. பெங்களூர்க்காரன் கையில் போட்டோ ஒன்று இருக்கிறது, தொண்ணூற்றொன்று மே மாதம், பாயோடு அவர் நிற்கிற மாதிரி. ஆனால் அது முதல் நாள் எடுத்தது, பாய் முழுசாக இருக்கிறது. இரண்டாய் வெட்டியதற்குப் படமோ காகிதமோ இல்லை, கோர்ட்டில் அவர் வாய்தான் சாட்சி. முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் நடுவில்தான்... இரண்டாம் நாளை நினைக்க வேண்டும். அவர் எப்போதும் கதையை இரண்டாம் நாளில்தான் ஆரம்பிப்பார். முதல் நாளில் ஒரு மைக் இருக்கிறது. மைக் வேண்டாம். டக்.

"அண்ணாச்சி."

நிமிர்ந்தால் ஜெபக்குமார். தலைக்குச் சாயம், கண்ணுக்குத் தங்க ஃபிரேம், ஐம்பத்து மூன்று வயதுக்குத் தொப்பை இல்லை. சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. முகத்தில் மட்டும் இரண்டு நாள் தூக்கம் இல்லை. கேட்காமலே பெஞ்சில் உட்கார்ந்தான், குட்டைக்கால் டக்கென்று இறங்கியது. ஏல என்று கூப்பிட்ட பையனை இப்போது என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவசிமுத்து சுவரைப் பார்த்தார்.

"மதினி சௌக்கியமா?"

"இருக்கா."

"எம்மேல கோவமா இருக்கீங்க."

"நோட்டு எங்க?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தான், அசல் பழைய சிரிப்பு, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. "அண்ணாச்சி, முப்பத்து மூணு வருசம் கழிச்சு வந்து நோட்டு எங்கன்னா கேக்கது? பொட்டியில எங்கயாம் கெடக்கும். தாரேன்."

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணுலயும் தாரேம்னுதான் சொன்ன."

"நான் பத்து வருசம் அதுல கெடந்து உழைச்சிருக்கேன் அண்ணாச்சி. பிஸ்கட் டின்ன விக்க முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "உங்க வாக்குமூலம் படிச்சேன். எட்டாவது பத்தி. 'எவர் உதவியுமின்றி.' அத யாரு எழுதச் சொன்னா?"

தவசிமுத்து பெஞ்சின் குட்டைக்காலைப் பாதத்தால் அமுக்கிப் பிடித்தார்.

"பாய ரெண்டா வெட்டச் சொன்னது சுடலைமணில்லா. அவனே எங்கிட்டச் சொல்லியிருக்கான், அண்ணாச்சிக்கு நான்தான் ஐடியா குடுத்தேன்னு. ஒரு சாட்சி ஒரு எடத்துல பொய் சொன்னா மத்தது எதையும் நம்ப வேண்டாம்னு எங்க வக்கீல் சொல்லுதாரு. அவரு அதைத்தான் கேப்பாரு. நல்லா யோசிச்சுக்கோங்க." எழுந்தான். நாலடி போய்த் திரும்பி வந்து, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான்.

தண்ணீர் குடிக்க மாட்டார். நாக்கு ஒட்டுகிறது, குடிக்க மாட்டார். சுடலைமணி. பெயரைச் சொல்லிவிட்டானே. அவர் மனசுக்குள்ளேகூட அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அவன் செத்து இருபது வருஷம். மஞ்சள்காமாலை. லாரி கிளீனராக இருந்தவன், ஒட்டகம் மாதிரி உசரம், ஆட்டத்தில் சோம்பேறி. சாவுக்கு அவர் போகவில்லை. கடையில் வேலை இருந்தது. இல்லை, வேலை இல்லை. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார், மேளச்சத்தம் பஸ் ஸ்டாண்டைக் கடந்து போகிறவரைக்கும். அவனுக்கு ஐடியாவாம். என்ன ஐடியா கொடுத்தான்? ஏமாற்றினான், அவ்வளவுதான். திருடன் ஓட்டைப் பிரித்து இறங்கினால் ஓடு மாற்றுகிறவன் திருடனுக்கா நன்றி சொல்வான்? வெட்டியது யார் கை? சாக்பீஸால் கோடு போட்டு, டின் கத்தரியால், இந்தக் கை. சொல்லிவிடலாம். ஆமா ஐயா, எவர் உதவியுமின்றி நானேதான். அவன் செத்தாச்சு. யார் மறுக்கப் போகிறார்கள்? ஜெபக்குமார் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, மே மாதம் அவனுக்குப் பரீட்சை, தீபாவளிக்குத்தான் வந்தான். சுடலை அவனிடம் பாதிதான் சொல்லியிருக்கிறான் போல. கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே காதோடு காதாகச் சொன்னான் என்று ஜெபக்குமார் நினைத்துக்கொண்டிருக்கிறான். காதோடு காதாகவா! தவசிமுத்துவுக்குத் திடீரென்று காது சுட்டது. இரண்டு காதும். மே மாதத்து வெயிலில் பள்ளிக்கூட மைதானத்தில் சுட்ட அதே சூடு, இத்தனை வருஷம் எங்கே இருந்ததோ. சரி. வந்துவிட்டது. வரட்டும். முதல் நாள், செமி ஃபைனலுக்கு நடுவில் கமிட்டிக்காரர்கள் அவருக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள், துள்ளல் போட்டி, முதல் பரிசு எவர்சில்வர் அண்டா. அண்டா அவர் கைக்காசு. முப்பது பேர் துள்ளினார்கள். டக், டக். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், ராஜபுஷ்பம் பிள்ளைகளோடு முன் வரிசையில் இருந்தாள். சுடலைமணிக்கு வாட்ச் பாயிண்ட் ஏழு நாலு காட்டியது. நோட்டைப் பார்த்து இருபத்தாறு இஞ்ச் என்று அறிவித்தார். இருபத்தாறா? இந்தச் சோம்பேறியா? அவருக்கே இடித்தது. ஆனால் பாய் சொன்னால் சொன்னதுதான், பாயை நம்பாவிட்டால் தன்னை யார் நம்புவார்கள்? அண்டாவைத் தூக்கிக் கொடுத்தார். அப்போதுதான் அவன் வர்ணனைக்காரன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான். "எல்லாருக்கும் வணக்கம். நான் இருபத்தாறு இஞ்ச் துள்ளல. இருபது துள்ளுனாலே பெருசு. கீழ வரும்போது முட்ட மடக்கி, குதிகாலோட தொப்புன்னு உக்காந்தேன், அவ்வளவுதான். தவசி அண்ணாச்சி பாயி அதக் காத்துல நிக்கேன்னு நெனச்சிட்டு. எண்ணே, அடுத்த தடவ குதிகாலுக்குத் தனியா ஒரு பாதி வைங்க, என்னா? அண்டாவ நான் வச்சுக்கிடுதேன்." நாலு பக்கமும் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அது போய்ப் பனைமரங்களில் முட்டித் திரும்பியது. ஊர் சிரித்தது. கமிட்டித் தலைவர் துண்டால் வாயைப் பொத்திச் சிரித்தார். ராஜபுஷ்பமும் சிரித்தாள், அதை அவள் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. விடிந்ததும் பாயை மைதானத்துக்கே தூக்கிக்கொண்டு போய், ஃபைனலுக்கு முன்னால், எல்லாரும் பார்க்க, இரண்டாய் வெட்டினார். குதிகால் முந்தினாலோ சேர்ந்து விழுந்தாலோ ஸ்கூட்டர் இண்டிகேட்டர் பல்பு எரிகிற மாதிரி ஒயர் கட்டினார். முதலில் துள்ள வந்ததும் அந்தப் பயல்தான், பழையபடி உட்கார்ந்தான், பல்பு எரிந்தது, இந்தத் தடவை ஊர் அவனைப் பார்த்துச் சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். அதுதான் தாங்கவில்லை. அவனுக்கு வலிக்கவே இல்லை.

"தவசிமுத்து! உடன்குடி தவசிமுத்து!"

எழுந்து உள்ளே போனார். சின்ன அறைதான், சினிமாவில் பார்த்த மாதிரி இல்லை. மேசைக்குப் பின்னால் ஜட்ஜுக்குப் பதிலாகச் சாட்சியம் பதிகிற விசாரணை அதிகாரி, பக்கத்தில் கம்ப்யூட்டரில் அடிக்கிற அம்மா, ஒரு பக்கம் பத்மப்ரியா, மறுபக்கம் ஜெபக்குமாரும் நரைத்த மீசை வக்கீலும். சத்தியம் வாங்கினார்கள். வக்கீல் கோபமாகக் கேட்பார் என்று நினைத்தார், அவரோ மருமகனை விசாரிக்கிற மாதிரி இதமாகக் கேட்டார். போட்டோவைக் காட்டினார். இதில் பாய் முழுசாகத்தானே இருக்கிறது? ஆமா. இரண்டாய் வெட்டினது எப்போ? மறுநாளு. ஒரே ராத்திரியில் தோன்றிவிட்டதா, வெட்டணும் என்று? அதற்கு ஏதாவது ரசீது, காகிதம், வேறு படம்? இல்லீங்க. பெங்களூர் கம்பெனி வந்து கேட்ட பிறகுதான் அந்த மறுநாள் உங்களுக்கு ஞாபகம் வந்தது, சரிதானே? இல்லீங்க. மீசைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "எவர் உதவியுமின்றி நீங்களேன்னு சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்திருக்கீங்க. மறுபடியும் கேக்கிறேன். வெட்டணும்னு உங்களுக்கு வேற யாருமே சொல்லலை?"

ஆமா, யாரும் சொல்லவில்லை என்று சொன்னால் முடிந்தது. பாய் அவருடையது, இந்த அறையிலாவது, காகிதத்திலாவது. வாயைத் திறந்தார். காது சுட்டது. ஆமா என்றால் அந்த மறுநாளுக்குக் காரணம் இல்லாமல் போகும், காரணம் இல்லாத நாளை யார் நம்புவார்கள், ஜெபக்குமார் அந்தப் பிரிவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். ஒருத்தன் சொன்னான் என்றால் அந்தப் பயலைத் திரும்ப மைதானத்தில் ஏற்றி மைக்கைக் கையில் கொடுக்க வேண்டும். கால் மாற்றி நின்றார். முன்பாதத்தில் நின்றார், குதிகாலில் நின்றார்.

"சொன்னான்" என்றார்.

"யார்?"

"சுடலைமணி. செத்துப்போயிட்டான்."

மீசைக்காரர் அதிகாரியைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார், பார்த்தீர்களா என்பதுபோல. "அதாவது, அவர் உங்க கடைக்கு வந்து, தனியா, உங்ககிட்ட மட்டும்..."

"கடையில இல்ல ஐயா. மைக்குல சொன்னான்."

"மைக்குலயா?"

"முதநாளு, பரிசு வாங்குத எடத்துல. பாய எப்படி ஏமாத்துனேன்னும் சொன்னான், குதிகாலுக்குத் தனியாப் பாதி வைங்கன்னும் சொன்னான். நாலு பக்கமும் கொழா கட்டியிருந்துது. ஊரே கேட்டுது. என் வீட்டுக்காரியும் கேட்டா." நிறுத்த முடியவில்லை. "எல்லாரும் என்னப் பாத்துச் சிரிச்சாங்க. அந்த ரோசத்துலதான் மறுநாளு மைதானத்துல வச்சு அத்தன பேரு முன்னால வெட்டுனேன். எங்க ஊருல அம்பது வயசுக்கு மேல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

அறையில் கீபோர்டு மட்டும் சடசடவென்று ஓடியது. மீசைக்காரர் மெதுவாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஜெபக்குமார் தவசிமுத்துவைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தான், அவன் உதடு ஏதோ கணக்குப் போடுவதுபோல் அசைந்தது. பத்மப்ரியா பேனாவை மூடியது, டக். அதிகாரி தாளைப் புரட்டி எட்டாவது பத்தியில் விரலை வைத்தார்.

"அப்போ இங்க 'எவர் உதவியுமின்றி'ன்னு இருக்கே, பெரியவரே?"

"அது பொய்யி ஐயா" என்றார் தவசிமுத்து. "மத்ததெல்லாம் நெசம்."

சொல்லிவிட்டு, இப்போது சிரிப்பார்கள் என்று காத்துக்கொண்டு நின்றார்.